நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் ஏன் நின்றது? டெல்டாவின் கரண்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

திருத்துறைப்பூண்டியிலிருந்து கேட்டிருக்கும் அன்பருக்கு வணக்கம். நெய்வேலியில் 1962 முதல் ஓடிய முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் மூடியது விபத்தாலா, பாய்லர் பழசானதாலா என்பது உங்கள் முதல் கேள்வி. டெல்டாவுக்குக் கரண்டு வந்ததே நெய்வேலியால்தான் என்று உங்கள் தாத்தா சொல்வது சரியா என்பது அடுத்தது. அந்த நிலையம் நின்றதால் சேத்தியாத்தோப்புப் பக்கம் உங்கள் உறவினர் வயலுக்கு வருகிற சுரங்கத் தண்ணீரும் நின்றுவிடுமா என்பது மூன்றாவது. முதல் கேள்வியை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும். அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

விபத்து என்பதை உடனே ஒதுக்கிவிடலாம். 2020 மே மாதத்திலும் ஜூலை 1-ஆம் தேதியும் பாய்லர் விபத்து நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தது இரண்டாம் அனல்மின் நிலையத்தில். அது 210 மெகாவாட் அலகுகள் ஏழு கொண்ட, 1,470 மெகாவாட் நிலையம். நீங்கள் கேட்கும் முதல் நிலையம் வேறு, அதன் இயந்திரங்களும் வேறு. அதே ஆண்டு செப்டம்பரோடு முதல் நிலையம் முழுவதும் நிறுத்தப்பட்டதால் இரண்டையும் மக்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். உண்மையில் அதற்கு மாற்றாக 1,000 மெகாவாட் புதிய நிலையம் கட்டும் வேலை பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அதன் முதல் 500 மெகாவாட் அலகு 2019 டிசம்பரிலேயே உற்பத்திக்கு வந்துவிட்டது. பழைய அலகுகளைப் படிப்படியாக நிறுத்துவது என்பது அந்தத் திட்டத்தோடு சேர்ந்தே எடுத்த முடிவு.

இந்த நிலையம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1934-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்த பொருள்தான் லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி. சோதனைத் துளைகள், ஆய்வுகள் எல்லாம் முடிந்து 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் கரிப்படுகை கண்ணில் பட்டது 1961 ஆகஸ்ட்டில்தான். நான்கு ஆண்டுகள் ஏன் ஆயின என்றால், மேலே கிடந்த மண் ஒரு பக்கம், கீழே இருந்த தண்ணீர் மறுபக்கம். மேல்மண்ணில் கடலூர் மணற்கல் கலந்திருக்கிறது. மண்ணை வெட்டியெடுக்கும் பக்கெட் வீல் எந்திரத்தின் பற்களை அது அரம் போல அராவித் தேய்க்கும். கரிக்கு அடியில் இருப்பது ஊற்றழுத்தம் கொண்ட நீர்த்தாங்கி. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க எடை இல்லை. சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பொங்கிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்தால்தான் கரியைத் தொட முடியும். இந்தத் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வெட்டிய கரியைத் தொலைதூரம் கொண்டுபோக முடியாது. எடையில் பாதிக்குமேல் ஈரம். ரயிலில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் கூலி கொடுக்கிறோம். காய வைத்துக் குவித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே சுரங்க வாயிலிலேயே மின்நிலையம் என்று முடிவானது. சோவியத் ஒத்துழைப்போடு முதலில் 50 மெகாவாட் அலகுகள் ஆறு, பிறகு 100 மெகாவாட் அலகுகள் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். முதல் அலகு 1962-ல் ஓடியது, கடைசி அலகு 1970-ல். இதன் மின்சாரம் முழுவதும் தமிழ்நாட்டுக்கே. பின்னால் வந்த இரண்டாம் நிலையத்தின் மின்சாரத்தைத்தான் தென்மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. சுரங்கத்தின் பெரிய எந்திரங்கள், இறைக்கும் பம்புகள், நெய்வேலி நகரியம் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. கரி நின்றால் கரண்டு நிற்கும், கரண்டு நின்றால் தண்ணீர் ஏறிக் கரி முங்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த ஏற்பாடு இது.

இப்போது உங்கள் தாத்தா சொன்னது. அது பாதி சரி. டெல்டாவுக்கு முதலில் வந்த பெரிய மின்சாரம் மேட்டூரிலிருந்து. அணை 1934-ல் முடிந்தது, அணையடி மின்நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது, ஒவ்வொன்றும் பத்து மெகாவாட் எந்திரங்கள். நெய்வேலி வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் விளக்கெரிந்தது. ஆனால் மேட்டூர் மின்நிலையம் பாசனத்துக்கு விடுகிற தண்ணீரில் ஓடுவது. வழக்கமாக ஜூன் 12-ல் அணை திறப்பு, ஜனவரி 28-ல் அடைப்பு. மாசி முதல் வைகாசி வரை எந்திரம் ஏறக்குறைய சும்மா இருக்கும். டெல்டாக்காரருக்கு மோட்டார் அதிகம் வேண்டியது எப்போது? அணை திறக்குமுன் ஃபில்டர் பாயின்ட் என்னும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறு போட்டுக் குறுவை நாற்றங்கால் விடும் மே மாதத்தில். ஆற்றில் தண்ணீர் இல்லாததால்தான் மோட்டார் வேண்டும், ஆற்றில் தண்ணீர் இல்லாததால்தான் மேட்டூரில் கரண்டும் இல்லை. இந்த முரணைத் தீர்த்தவை மழையை நம்பாமல் ஆண்டு முழுவதும் ஓடிய நீராவி நிலையங்கள். அவற்றில் 1960-களிலும் 70-களிலும் தமிழ்நாட்டுக்குப் பெரிய ஊன்றுகோல் நெய்வேலி. ஆகவே விளக்குக்கு மேட்டூர், கோடை மோட்டாருக்கு நெய்வேலி என்று தாத்தா சொன்னதைத் திருத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உங்கள் ஊர்க் கம்பியில் ஓடியது எந்த நிலையத்துக் கரண்டு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா நிலையங்களும் ஒரே தொகுப்பில் ஊற்றுகின்றன, எல்லாரும் அதிலிருந்து எடுக்கிறார்கள்.

அடுத்து, ஏன் மூடினார்கள் என்பதன் உட்கரு. நெல் அவிக்கும் அரிசி ஆலைப் பாய்லரை டெல்டாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் உமி போடுகிறோம். காய்ந்த உமி, நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் இருந்தால் அதிகம். பிரஷர் ஏழெட்டுக் கிலோ, நீராவியின் சூடு 170 டிகிரி சுற்றி. நெய்வேலிப் பாய்லரின் நிலை வேறு. எரிபொருளில் பாதி தண்ணீர், ஒரு கிலோ கரியில் கிடைக்கும் வெப்பம் சுமார் 2,600 கிலோ கலோரி. ஈர விறகை அடுப்பில் வைத்தால் முதலில் புகைந்து, தண்ணீரை விரட்டி, பிறகுதான் எரியும் அல்லவா? அதையே மணிக்கணக்கில் பல டன்னுக்குச் செய்ய வேண்டும். வழி இதுதான்: உலையின் மேற்பகுதியிலிருந்து ஆயிரம் டிகிரிக்குப் பக்கமான சூட்டுப் புகையை இழுத்து, கரி விழும் குழாயிலேயே கலந்துவிடுவார்கள். கரி மில்லுக்குள் போகும்போதே காய்ந்து, சுழலும் அடிப்பான்களில் பொடியாகி, அதே மில்லின் காற்றுவேகத்தில் உலைக்குள் பாயும். சுத்தமான சூட்டுக் காற்றைப் பயன்படுத்தாமல் புகையைப் பயன்படுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகையில் ஆக்ஸிஜன் குறைவு. காய்ந்த லிக்னைட் பொடி நல்ல காற்றோடு கலந்தால் மில்லே வெடிக்கும்.

அப்படி எரித்துக் கிடைத்த நீராவி எப்படிப்பட்டது என்பதில்தான் பழைய நிலையத்தின் விதி இருந்தது. அந்தக் காலத்துச் சோவியத் 50, 100 மெகாவாட் டர்பைன்கள் ஏறக்குறைய 90 கிலோ பிரஷரில், 500 டிகிரிக்கு மேற்பட்ட நீராவியில் ஓடுபவை. நீராவி ஒரு முனையில் நுழைந்து, சிறகுகளைத் தள்ளி, மறுமுனையில், நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கன்டென்சருக்குள் வெற்றிடத்தில் விழுந்துவிடும். ஒரே ஓட்டம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 4 கிலோ நீராவி என்றால் 50 மெகாவாட் எந்திரத்துக்கு மணிக்கு 200 டன். பின்னால் வந்த 210 மெகாவாட் எந்திரங்களில் நீராவி பாதி வேலை செய்ததும் மறுபடி பாய்லருக்குள் போய்ச் சூடேறி வரும். இந்த மறுசூடேற்றம் இல்லாத டர்பைனில் இரண்டு இழப்புகள்: அதே கரிக்கு மின்சாரம் குறைவு; அதோடு கடைசிச் சிறகுகளை அடையும்போது நீராவி குளிர்ந்து துளிகளாகி, அந்தத் துளிகள் சிறகின் விளிம்பைத் தேய்க்கும்.

இந்த வித்தியாசத்தை எண்ணில் பார்க்கலாம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கும்போது ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வெப்பம் அனுமதிக்கலாம் என்று ஒரு அளவு வைக்கும். முதல் நிலையத்துக்கு அது 4,000 கிலோ கலோரி, இரண்டாம் நிலையத்துக்கு 2,900. ஒரு யூனிட் என்பதே 860 கிலோ கலோரிதான். ஆக முதல் நிலையத்தில் கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு 21 அல்லது 22 பங்கே மின்சாரமானது. இரண்டாவதில் ஏறக்குறைய 30. கரிக் கணக்கில், ஒரு யூனிட்டுக்கு ஒன்றரைக் கிலோவும் ஒரு கிலோ நூறு கிராமுக்குச் சற்று மேலாகவும். நிலையத்தின் சொந்தப் பம்பு, மில், விசிறிகளுக்கான செலவும் முதல் நிலையத்தில் உற்பத்தியில் 12 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது.

ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். திறனிழப்பையும் சேர்த்தால் நாலரை கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் 36 யூனிட். வழியில் கம்பி இழப்பு 15 சதவீதம் என்று வைத்தால் நிலையத்து வாசலில் 42 யூனிட், உள்செலவையும் சேர்த்தால் உற்பத்தி 48 யூனிட். பழைய நிலையத்தில் அதற்கு 72 கிலோ கரி, ஏறக்குறைய ஒரு நெல் மூட்டை எடை. அந்த நிலையம் ஆண்டு முழுவதும் 70 சதவீதம் ஓடியதாக எடுத்துக்கொண்டால் சுமார் 368 கோடி யூனிட். அதற்கு 55 லட்சம் டன் கரி. அதே மின்சாரத்தை இரண்டாம் நிலையத்து அளவில் எடுத்தால் 40 லட்சம் டன்னுக்குச் சற்று மேலே போதும். மிச்சமாகும் 14, 15 லட்சம் டன் கரிக்காக ஆண்டுதோறும் பெயர்க்க வேண்டிய மேல்மண்ணோ, டன்னுக்கு ஐந்து கன மீட்டர் என்றாலும், 70 லட்சம் கன மீட்டர். அந்த மண்ணுக்கு மேலே இருப்பது யாரோ ஒருவருடைய நிலம், வீடு. என் கணிப்பில் மூடியதற்கான முதல் நியாயம் இதுதான். இரும்பின் வயது இரண்டாவது.

இரும்பின் வயது என்பதும் பொய்யில்லை. பாய்லரைப் பொறுத்தவரை மொத்தமாக ஒரு வயது கிடையாது. மில்லின் அடிப்பான் தகடுகள் சில ஆயிரம் மணி நேரம்தான் தாங்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியவை. குழாய்களை வரிசை வரிசையாக வெட்டிப் புதிது வைக்கலாம். மாற்றுவது கடினமானவை தடித்த பாகங்கள்: தண்ணீரும் நீராவியும் பிரியும் டிரம், 500 டிகிரி நீராவியைச் சேர்த்துச் சுமக்கும் ஹெடர்கள் என்ற தடித்த குழாய்கள், டர்பைனுக்குப் போகும் முக்கியக் குழாய், டர்பைனின் உயரழுத்த உருளை. இரும்பு அந்தச் சூட்டில் பாரத்தோடு ஆண்டுக்கணக்கில் இருந்தால் மெல்ல மெல்ல நீளும், உள்ளே துகள்களுக்கு நடுவே நுண்ணிய குழிகள் விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேற்பரப்பைப் பளபளப்பாகத் தேய்த்து, அமிலமிட்டு, ஒரு படலத்தில் அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விட்டத்தை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் அளப்பார்கள். இப்படி மீதி ஆயுளை மதிப்பிட்டு, பலவீனமான பாகங்களை மாற்றி 1990-களில் இந்த நிலையத்துக்கு ஆயுள் நீட்டிப்பு செய்தார்கள். முப்பது ஆண்டு என்று கட்டியது 58 ஆண்டு ஓடியது அதனால்தான். பணம் போட்டிருந்தால் இன்னொரு முறையும் நீட்டியிருக்க முடியும். ஆனால் எத்தனை குழாய் மாற்றினாலும் மறுசூடேற்றம் வந்துவிடாது, 4,000 என்பது 2,900 ஆகாது.

தினசரி என்ன பழுதாகும் என்பதும் கேட்கத் தக்கது. லிக்னைட் பாய்லரில் அலகை அதிகம் நிறுத்துவது குழாய்க் கசிவு. நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு, ஒடிசாக் கரியில் இருப்பதைப் போல நூற்றுக்கு நாற்பது இல்லை. ஆனால் கரியோடு மணல் வரும். புகை திரும்பும் வளைவுகளில் அந்த மணல் குழாயைத் தேய்த்து ஓட்டையாக்கும். கசிவு வந்தால் முதலில் காதுக்குத் தெரியும், சீறல். அடுத்து, நிரப்பும் தண்ணீரின் அளவு காரணமில்லாமல் ஏறும். அதன்பின் புகையை வெளியே இழுக்கும் உலையின் உள்ளிழுப்பு குலையும். அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தால் சீறும் நீராவி பக்கத்துக் குழாய்களை அறுத்து, ஒரு நாளில் முடியும் வேலையை ஒரு வாரமாக்கிவிடும். ஆகவே சுமையைக் குறைத்து, அலகை நிறுத்தி, ஆறவிட்டு, குழாயை வெட்டி ஒட்டி, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து, எண்ணெயில் மூட்டிப் பல மணி நேரம் மெதுவாகச் சூடேற்றித்தான் மறுபடி கரிக்கு வர முடியும். ஆறும் நேரத்தில் டர்பைன் தண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீராக ஆறாமல், தன் எடையும் சேர்ந்து வளைந்துவிடும்.

பருவமும் படுத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரியோடு களிமண் ஒட்டிக்கொண்டு வந்து கன்வேயர் சரிவுகளில் அப்பிக்கொள்ளும், மில்லுக்கு மேலே கரி சேர்த்துவைக்கும் பங்கரில் பாலம் போல அடைத்து நின்றுவிடும். கீழே மில் பட்டினி கிடக்கும். சித்திரை வெயிலில் நேர்மாறு. குவியலுக்குள் சூடேறித் தானே புகையும். கரியை ரோலர் விட்டு அழுத்தி உள்ளே காற்றுப் புகாமல் செய்வதும், பழைய குவியலை முதலில் எடுப்பதும்தான் மருந்து. நெருப்புப் பிடித்த கரி பங்கருக்குள் போய்விட்டால் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பது ஆபத்து. பொடி எழும்பி வெடிக்கக்கூடும்.

மூடியதற்கு மூன்றாவது காரணம் புகை. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குத் தூசு, கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்புகளைக் கடுமையாக்கியது. ஐம்பது ஆண்டு பழைய சிறிய அலகுகள் ஒன்பதுக்குத் தனித்தனியாகச் சுத்திகரிப்புக் கருவி பொருத்துவது, கன்றை விற்றுக் கட்டுத்தறி வாங்கின கதையாகும். இந்தப் புகை சுற்றுவட்டார மக்களின் உடலுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்று பலர் கேட்கிறார்கள். கொதிகலன் பக்கத்திலிருந்து அதற்குப் பதில் சொல்வது தகாது. மருத்துவத் தரவைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் பல நிலையங்களும் சுரங்கத் தூசும் கலந்திருக்கும்போது ஒரு புகைபோக்கியின் பங்கை மட்டும் பிரிப்பது மிகக் கடினம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கடைசியாக உங்கள் உறவினர் வயல். பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருவது சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் தண்ணீர். முன்னே சொன்ன ஊற்றழுத்த நீர், அதோடு சுரங்கக் குழியில் விழும் மழைநீர். மின்நிலையம் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் குளிரூட்டும் கோபுரத்துக்கு எடுத்து ஆவியாக்குகிறதே தவிர, தண்ணீரைத் தருவது அதுவல்ல. யூனிட்டுக்குச் சுமார் மூன்று லிட்டர் அப்படி ஆவியாகும். எனவே பழைய நிலையம் நின்றதால் வயலுக்கு வரும் தண்ணீர் குறையக் காரணமில்லை. சுரங்கம் ஓடும்வரை பம்புகள் நிற்க முடியாது. கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. இறைக்கும் கிணறுகள் சுரங்க முகப்போடு இடம் மாறிக்கொண்டே போகும். அதனால் தண்ணீர் எந்த ஓடையில் வருகிறது என்பதும் மாறலாம். இரண்டாவது, இவ்வளவு இறைப்பதால் சுற்றுப்புறக் கிணறுகளின் மட்டம் தாழ்கிறது. உறவினருக்கு ஏரிப் பாசனத்தோடு சொந்த போர்வெல்லும் இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் ஜனவரியிலும், மோட்டாரை ஒரு இரவு நிறுத்திவைத்து மறுநாள் காலை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஏரியில் வரும் தண்ணீரில் கரித்தூள் கலந்து கறுத்திருந்தால் வாய்க்கால் தலைப்பில் ஒரு சிறு குழி வெட்டி, தெளியவிட்டு வயலுக்கு எடுப்பது நல்லது. நாற்றங்காலில் அந்தத் தூள் படியாமல் இருக்கும்.